இரத்தோட்டையில் ஒரு பங்க் பாடகருக்கு அஞ்சலி

இரத்தோட்டை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடையில் துக்கத்துக்கான வெள்ளைக்கொடி தொங்குகிறது. மழைக்கு ஒதுங்கி உள்ளே போகிறேன். சுவரில் கிட்டாரோடு ஒருவரின் படம், அதற்குப் பூமாலை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, இளம் வயதில் கொழும்புக்குப் போய் அதிகாரத்தை எதிர்த்துக் கத்திப் பாடும் பங்க் இசைக்குழு ஒன்றை நடத்தியவராம். நேற்றுத்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். படத்தின் கீழே அவருடைய ரசிகர்கள் இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"கடைசியில மந்திரி மேடையில ஏறிப் பாடினாருதானே? அப்புறம் என்ன பங்க்கு?" என்கிறார் திரீவீலர் ஓட்டும் செல்வம்.

"ஏறினாரு. ஏறி, லயத்துக்குத் தண்ணி இல்லன்னு மந்திரி மூஞ்சிக்கு முன்னாலயே பாடினாரு. அதுதான் பங்க்கு," என்கிறார் மிளகு வியாபாரி நிஸாம் நானா.

"அதுக்கப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டுவிடுகிறேன்.

செல்வம் என் காலிலுள்ள சப்பாத்தையும் பையையும் பார்க்கிறார். அந்தப் பாட்டுக்குப் பிறகு யார் யாரோ ஊருக்குள் வந்து இப்படித்தான் விசாரித்தார்கள் என்கிறார். கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போடுகிறேன். அதையும் இருவரும் கவனிக்கிறார்கள்.

"அவரு பாட்டுல ஒண்ணு பாடுங்களேன்," என்கிறார் நிஸாம் நானா.

எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. அவரைப் பற்றியே இங்கேதான் கேள்விப்படுகிறேன் என்று சொல்கிறேன்.

செல்வம் வாங்குப் பலகையில் நகர்ந்து எனக்கு இடம் விடுகிறார்.

"யாராவது அனுப்பின ஆளுன்னா பாட்டைப் பாடமாக்கிட்டு வந்திருப்பாரு, நானா. இவரு பஸ்ஸுக்கு வந்தவருதான்."