காக்கைக்கு வைத்த சோறு

அப்பா போன வருஷம் தவறினார். அதிலிருந்து அம்மா தினமும் காலையில் சமைத்ததும் மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடுவாள். முதலில் ஒன்று வந்தது. பிறகு சோறு வேகும் முன்பே நாலைந்து வந்து காத்திருந்தன.

எனக்குக் கவலையெல்லாம் குருவிகள்தான். எங்கள் ஆஸ்டின் டவுன் தெருவில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு ஜோடி. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, பழைய குழாயைப் பிடுங்கிய ஓட்டையில் அது குஞ்சு பொரித்திருந்தது. மளிகைக் கடை மூட்டைகளில் குருவிகள் மொய்த்த காலத்தில் காக்கை ஒரு குஞ்சைத் தூக்கினால் யாருக்கும் தெரியாது. இப்போது தூக்கினால் தெருவே காலி.

காக்கைகள் சோற்றைத் தின்றுவிட்டு அந்த ஓட்டையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. மீட்டிங்கில் இருக்கும்போதும் காது மாடியில்தான் இருக்கும்.

"கொஞ்ச நாளைக்குச் சோறு வைக்காதம்மா, கெஞ்சிக் கேக்கறேன்."

"உங்கப்பாவைப் பட்டினி போடச் சொல்றியா?"

கம்ப்யூட்டர் படித்தவள்தான் நான். ஆனாலும் ஒரு காக்கையைக் கல்லால் அடிக்க எனக்கும் கை வரவில்லை. ஒருவேளை அவராக இருந்துவிட்டால்? அந்தப் பயம் வேறு.

அன்று காலை அம்மாவோடு நானும் மாடிக்குப் போனேன். ஒரு குஞ்சு ஓட்டையின் விளிம்புக்கு வந்து, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. தொட்டியின் மேலிருந்த காக்கை சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே கொத்து. தாய்க்குருவி அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்து அலறியது.

அம்மாதான் கத்தினாள். "ஏங்க, வேணாங்க! விட்ருங்க, பச்சைக் குழந்தைங்க அது!"

காக்கை குஞ்சோடு பறந்து, கூரைகளுக்கு அப்பால் மறைந்தது. அம்மா சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றாள். ஓட்டைக்குள் இன்னொரு குஞ்சின் சத்தம் கேட்டது. இன்னொரு காக்கை வந்து தொட்டிமேல் உட்கார்ந்தது.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, அழுதுகொண்டே அந்தக் காக்கையை நோக்கி ஓங்கினாள்.