ஒரே தெருவுக்கு மூன்று பக்கங்கள்

பெருங்களத்தூருக்குக் குடிவந்த புதிதில் பொழுது போகாமல் ஆரம்பித்த இணையதளம் அது. ஊரைப் பற்றிய சின்னச் சின்னக் குறிப்புகள். எதையும் அழிப்பதில்லை, புதிதாகத் தெரிந்ததை அதன் கீழேயே சேர்ப்பேன், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுப்பேன். ஒரு பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்ற பட்டியல் அதன் அடியில் தானாக வந்துவிடும்.

"உன்னைத் தவிர யாரு படிக்கிறா அதை?" என்பார் என் கணவர். உண்மைதான். அதனால்தான் கோபம் வரும்.

போன கோடையில் ஒரு தரைத்தள ஃபிளாட் பார்த்தோம். மாமியாருக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. வீடு அம்சமாக இருந்தது. எங்கள் சேமிப்பு மொத்தமும் அதில் போகும். மறுநாள் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

அன்று மாலை சந்தோஷமாக "எங்கள் புது வீடு" என்று ஒரு பக்கம் தொடங்கினேன். தெருவுக்கு இணைப்புக் கொடுக்கப் போனால், அதே தெருவுக்கு என்னிடம் மூன்று பக்கங்கள்! பலகையில் ஒரு பெயர், ஆட்டோக்காரர்களுக்கு டேங்க் தெரு, காய்கறிக்கார அக்காவுக்குப் பழைய ரேஷன் கடைத் தெரு. வீடு பார்க்கப் போனபோதுதான் தண்ணீர் டேங்கும் பழைய ரேஷன் கடையும் அந்த ஒரே தெருவில் இருப்பதைக் கண்டிருந்தேன்; மூன்றும் வேறு வேறு என்றே இத்தனை வருடம் எழுதி வந்திருக்கிறேன். என் லட்சணம் அப்படி.

மூன்றையும் ஒன்றாக்கினேன். அடியில் பட்டியல் நீண்டது. ஒரு மழைக்காலக் குறிப்பில், ரேஷன் கடைப் பக்கமிருந்து ஓயாத தவளைச் சத்தம். இன்னொன்றில் ஆட்டோ அண்ணன்: "டேங்க் தெருவாக்கா? மழைன்னா வண்டி வராது, ஒரே பேஜாரு." வேறொன்றில் காய்கறிக்கார அக்கா: "அங்கதாம்மா ஏரிக் கால்வா ஓடிக்கினு இருந்துச்சு. மண்ணு கொட்டி மூடிட்டாங்க."

எல்லாம் என் கையால் எழுதியவை. ஆனால் எனக்கே தெரியாத ஒன்று அங்கே எழுதப்பட்டிருந்தது. இன்றும் நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

கணவரிடம் லேப்டாப்பை நீட்டினேன். முதன்முறையாக என் தளத்தைப் படித்தார், ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டு. கிண்டல் செய்யவில்லை. தரகரைக் கூப்பிட்டு, "சார், எங்களுக்கு வேணாம்" என்றார்.

ஐப்பசி மழை மூன்று நாள் கொட்டி ஓய்ந்ததும் இருவரும் போய்ப் பார்த்தோம். யாரோ குடிவந்திருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று மெத்தையை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தப்பித்தோம் என்று தோன்றவில்லை; வெட்கமாக இருந்தது. இவர்களும் தெருவைப் பற்றி இணையத்தில் தேடித்தான் பார்த்திருப்பார்கள். எந்தப் பெயரைப் போட்டுத் தேடினார்களோ?

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தின் தலைப்பில் தெருவின் மூன்று பெயர்களையும் எழுதினேன்.