பரீட்சைக்குப் போன மறியல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில், நட்ட நடு ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு தையல் கடைக்காரி. அதுவரை ரோட்டில் உட்கார்ந்ததெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மட்டும்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் லாரிகள் பறக்கின்றன, ஒரு சைக்கிள் பையன் மயிரிழையில் தப்பினான் என்று ஊரே கொதித்துப்போய்க் கூடியது. வியாபாரிகள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், ஜமாத்தார், மாதா கோயில் இளைஞர்கள், எங்கள் மகளிர் குழு எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு. மேடையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பதற்காக என்னை இணைச் செயலாளர் ஆக்கினார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தை மட்டும் கூப்பிடவில்லை. அதன் தலைவருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவருக்கும் நடு நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் பழைய தகராறு.

மனு கொடுத்துப் பலன் இல்லை, மறியல்தான் என்று முடிவானது. தேதி குறிப்பதற்குள் எங்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. திங்கள் என்றால் கலெக்டர் ஆபீஸில் மனு நாள், பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்றார் மளிகைக் கடைக்காரர். புதன் அமாவாசை. வெள்ளி ஜும்ஆ. சனிக்கிழமை மாதா கோயில்காரர்கள் ஏலாக்குறிச்சிக்கு நடந்து போகிறார்கள். ஞாயிறு பள்ளிக்கூடமே கிடையாது, மறித்து என்ன பிரயோஜனம்? மிஞ்சியது வியாழன். அதிலும் எமகண்டம் கழிந்து ஏழரைக்கு மேல்தான் உட்கார வேண்டும் என்று ஒரு திருத்தம். ஜமாத் செயலாளர் பாய் சிரித்துக்கொண்டே அதற்கும் தலையாட்டினார்.

"பரீட்சை நேரமாச்சே?" என்று யாரோ கேட்டார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் கையை உயர்த்தி, "அன்னைக்குப் பரீட்சை இல்ல. எங்க வூட்லயும் ஒருத்தன் பிளஸ் டூ எழுதுறான், கேட்டுட்டேன்" என்றார். அவ்வளவுதான், ஒருமனதாகத் தீர்மானம். போலீஸுக்குத் தெரிந்தால் தடுத்துவிடுவார்கள் என்று வெளியே மூச்சு விடவில்லை.

எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், ஜோராக இருந்தது. 'எங்கள் பிள்ளைகளைக் காப்போம்' என்று பெரிதாக ஒரு பேனர். இரண்டு பக்கமும் லாரிகள் வந்து நின்றன. பின்னால் வந்தவர்கள் பொறுமையில்லாமல் வலது பக்கமும் ஏறி நிறுத்த, ரோடு முழுக்க அடைத்துக்கொண்டது. டிரைவர்களைப் பார்த்துக் கோஷம் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர்கள் லாரிப் படியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

ஒன்பது மணி இருக்கும். லாரிகளுக்கு நடுவிலிருந்து சீருடை போட்ட ஒரு பெண் வெளியே வந்தாள். முகமெல்லாம் புழுதி, வியர்வை. கையில் பரீட்சை அட்டையும் ஹால் டிக்கெட்டும். எங்கள் பேனரை முழுதாகப் படித்தாள். பிறகு வியாபாரிகள் சங்கத் தலைவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைங்க நாங்கதான் சார். பரீட்சைக்குப் போகணும், கொஞ்சம் வழி விடுறீங்களா?"

கோஷம் அப்படியே நின்றுபோனது. தலைவர், "இன்னைக்கு ஏதும்மா பரீட்சை?" என்று இழுத்தார்.

"உயிரியல் சார். எங்க குரூப்புக்கு உண்டு. அங்க பஸ்ஸுக்குள்ள இன்னும் நெறைய பொண்ணுங்க அழுதுட்டு இருக்காங்க."

தலைவர் மகன் வேறு குரூப். அவனுக்கு அன்று பரீட்சை இல்லை, உண்மைதான். ஊரில் இருக்கிற எல்லாக் காலண்டரையும் பார்த்த நாங்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து மணிக்குத் தேர்வு. பள்ளிக்கூடம் அங்கிருந்து நடந்து போகிற தூரமில்லை. கிராமத்திலிருந்து விடிந்தும் விடியாமல் கிளம்பி வந்த பிள்ளையின் ஒரு வருடப் படிப்பை, அவளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லியே பாழாக்கப் பார்த்தோம்.

"பஸ்ஸுக்கு மட்டும் வழி விடுங்க!" என்று தலைவர் கத்தினார். விடுவதற்கு வழி எங்கே இருக்கிறது? அப்போதுதான் முன்னால் நின்ற லாரியின் டிரைவர் படியிலிருந்து குதித்து என்னிடம் வந்தார். நான் கோஷம் போட்டதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான்.

"அக்கா, பஸ் இப்ப நகராது. பொண்ணுங்கள நாங்க நடத்திக் கூட்டியாறோம். நீங்க டவுன் பக்கமா உங்க வண்டிங்கள எடுத்து வைங்க."

சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பி ஒரு சீழ்க்கை அடித்தார். டிரைவர்கள் இறங்கி, லாரிகளுக்கு இடையே கை காட்டிக் காட்டிப் பெண்களை வரிசையாக அழைத்து வந்தார்கள். டவுன் பக்கம் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக மண் ஓரத்தில் இறங்கி, ஆட்டோ போகிற அளவுக்குச் சந்து கொடுத்தன. அன்று ஒரு ஆட்டோவும் ஓடாது என்று மைக்கில் சபதம் போட்ட ஆட்டோ சங்கத் தலைவர்தான் முதலில் ஓடிப் போய்த் தன் வண்டியைக் கிளப்பினார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் புல்லட்டில் ஏறினார். பாய் தன் மொபெட்டில் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு, "பிஸ்மில்லாஹ், கெட்டியா புடிச்சுக்கம்மா" என்றார்.

பேனரைப் படித்த பெண் என் ஸ்கூட்டியில் ஏறினாள். நான் சும்மா இருக்காமல், "பயப்படாதம்மா, போயிடலாம். நல்லாப் படிச்சிருக்கியா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அக்கா, நீங்க ரோட்டப் பாருங்க. நான் மனசுக்குள்ள படிச்சிட்டு வரேன்."

வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள் நன்றி சொல்லக்கூட நிற்காமல் ஓடினாள். கடைசிப் பெண் உள்ளே போனபோது இன்னும் மணி அடித்திருக்கவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். பக்கத்தில் வியாபாரிகள் சங்கத் தலைவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். புழுதி அலர்ஜியாம்.

நாங்கள் திரும்பிப் போவதற்குள் மறியல் நடந்த இடத்துக்குப் போலீஸ் ஜீப் வந்திருந்தது. அங்கே பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மளிகைக் கடைக்காரர் மட்டும் நின்றார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இன்னொரு முனையை, பாவம் என்று, ஒரு லாரி கிளீனர் பிடித்திருந்தார்.

"எங்கய்யா மறியல் பண்றவங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"எல்லாரும் பரீட்சைக்குப் போயிருக்காங்க சார்" என்றாராம் இவர். இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டதாகக் கேள்வி. எங்களை எச்சரித்து அனுப்பினார்.

பரீட்சையெல்லாம் முடிந்ததும் மறுபடி கூட்டம் போட்டோம். இந்த முறை பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் கூப்பிட்டோம். நடு நாற்காலியை வியாபாரிகள் சங்கத் தலைவரே தூக்கி ஓரமாகப் போட்டார். அன்று உதவிய டிரைவரும் லாரி உரிமையாளர்களும் வந்தார்கள். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தேன். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை லாரி ஓடக் கூடாது என்ற எங்கள் கோரிக்கையைத் தலைவர் கம்பீரமாகப் படித்தார்.

"காலைல தொந்தரவில்ல சார். பஸ் ஸ்கூல் வாசல்லயே எறக்கி விட்டுரும்" என்றாள் அந்தப் பெண். "சாயங்காலந்தான் பயம். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு ஆறரைக்கு வெளிய வருவோம். ஸ்கூல் பக்கத்து வளைவுல, இருட்டுல ரோட்டத் தாண்டி எதிர்ப் பக்கம் பஸ் ஏறணும்."

இத்தனை மனுவில் ஒன்றில்கூட நாங்கள் சாயங்காலத்தைப் பற்றி எழுதவில்லை. டிரைவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஆறரைன்னா செரிங்க. நாங்க டீ குடிக்கிற நேரந்தான். வளைவுக்கு முன்னாடியே நிறுத்திக்கிறோம்."

உரிமையாளர்களும் சம்மதித்தார்கள். வளைவில் விளக்குப் போட நகராட்சியை எல்லாச் சங்கமும் சேர்ந்து நச்சரித்தோம். இரண்டு மாதத்தில் விளக்கும் வந்தது. அந்தப் பெண் நல்ல மதிப்பெண் வாங்கி, இப்போது பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். பாவாடை, ஜாக்கெட் எல்லாம் என் கடையில்தான் தைக்கக் கொடுக்கிறாள். அளவு பிசகினால் என்னையும் விடுவதில்லை.

சில நாட்கள் சாயங்காலம் அந்த வளைவுப் பக்கம் போய் நிற்பேன். லாரிகள் ஓரமாக நிற்க, பெண்கள் ஏதோ கதை பேசிச் சிரித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டுகிறார்கள். லாரிகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நல்லது செய்கிற வேகத்தில் நாங்கள் அடைத்து வைத்த வழியை, எங்களிடமே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண்ணை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கிறது.