வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிய புல்

பெரில் லோடர் இங்கிலாந்தின் டோர்செட்டில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு நடுவேயும் குரலை உயர்த்தாதவள் என்று பெயர். அப்படிப்பட்டவள் கடைவாசலில் நாலு பேர் பார்க்க டெரிக் ஹான்ஸ்ஃபர்டைக் கொலைகாரர் என்று கத்தினாள் என்றால், ஊர் அவள் புத்தியைத்தான் சந்தேகப்பட்டது. டெரிக் எவ்வளவு நல்ல மனுஷன் என்று எல்லாரும் பேசினார்களே தவிர, ஏன் கத்தினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேலையை விட்டபின், புதர்வெளிக் காப்பகத்தில் மேயும் ஐந்து மட்டக்குதிரைகளையும் ஒன்பது மாடுகளையும் செவ்வாயும் வெள்ளியும் பார்த்துவருவது அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. ஒரு மஞ்சள் மேல்சட்டை உண்டு. தலையை எண்ணிவிட்டு வந்தால் போதாது. கிட்டே போய் நடை தாங்குகிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, சாணம் எப்படி என்று பார்க்க வேண்டும். தீனி மட்டும் கொடுக்கவே கூடாது. முட்புதரையும் காய்ந்த கோரையையும் தின்று கொழுக்கிற இனம் அது. ஆனால் மழையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் போதும், ஐயோ பாவம் என்று உருகிவிடுவார்கள் ஊரில் பாதிப் பேர்.

டெரிக் வீட்டுக் கொல்லை புதர்வெளியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. திங்கள்தோறும் புல்தரையை வெட்டுவார். வெட்டியதை வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டுவார். குவித்துவைத்த புல் சீக்கிரமே சூடேறிப் புளிக்கும். குதிரை அதை மெல்லாமல் விழுங்கும், வயிறு உப்பும், வாந்தியெடுக்கவும் அதற்கு வராது. பெரில் போன வருடமே நேரில் போய்ச் சொன்னாள். புல் கொட்டாதீர்கள் என்று வேலியில் பலகையும் மாட்டினாள். டெரிக் அதைப் படித்துவிட்டு, கண்டதையும் போடுகிற வெளியூர்க்காரர்களுக்காக எழுதியது என்று முடிவு செய்துகொண்டார்.

அந்தச் செவ்வாய்க் காலை நெட்டில் என்ற பெட்டைக்குதிரை வேர்த்து வழிந்து தரையில் புரண்டுகொண்டிருந்தது. மருத்துவர் வந்து பார்த்துத் தலையை அசைத்தார். ஊசி போட்டுத்தான் அதன் வேதனையை முடிக்க முடிந்தது. பெரில் வேலியோரம் போய்ப் பச்சைக் குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளே இன்னும் சுட்டது. நேரே கடைக்குப் போனாள். டெரிக் அங்கே செய்தித்தாள் வாங்கிக்கொண்டிருந்தார்.

தொண்டர்களை மேய்க்கும் ரூபர்ட் அவளைக் கூப்பிட்டனுப்பினான். டெரிக் புகார் எழுதியிருக்கிறார், அக்கம்பக்கத்தார் தயவில்லாமல் காப்பகம் நடக்காது, அடுத்த செவ்வாய்க்குள் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் மேல்சட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றான்.

“செத்த குதிரைகிட்ட யாருப்பா மன்னிப்புக் கேக்கறது?” என்றாள் பெரில். ரூபர்ட் புகார்க் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

கோபம் ஆறவில்லை அவளுக்கு. ஆனால் மிச்சம் நாலு குதிரை இருக்கிறதே. அவற்றைப் பார்க்கப் போகிற பொறுப்பை இழக்க மனம் வரவில்லை. திங்கள் மத்தியானம் மானத்தை விழுங்கிக்கொண்டு டெரிக் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

டெரிக் உட்காரவைத்து டீ கொடுத்தார். அவள் வாயைத் திறக்குமுன் கையை உயர்த்தினார்.

“விடுங்க பெரில். ஏதோ கோவத்துல சொல்லிட்டீங்க. நான் மனசுல வச்சுக்கல.”

பெரிய மனசு பண்ணி மன்னித்தவர் அத்தோடு விட்டாரா? கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். தள்ளுவண்டி நிறைய அப்போதுதான் வெட்டிய புல்.

“இப்பல்லாம் அதுங்க இந்தப் பக்கம் வர்றதில்ல. தோழி போன துக்கம் போல. மிச்ச நாலும் எங்க நிக்குதுன்னு சொன்னீங்கன்னா அங்கயே கொண்டுபோய்ப் போட்டுடுவேன். பசியோட கெடக்குதுங்க, பாவம்.”

பெரில் அந்த வண்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை கத்தவில்லை.

மறுநாள் ரூபர்ட்டின் மேசைமேல் மேல்சட்டையை மடித்து வைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லையா என்றான் அவன்.

“கேக்கத்தான் போனேன். கொலைகாரர்னு இன்னொரு தடவை சொல்லிட்டு வந்தேன். இனிமே திங்கக்கெழமை திங்கக்கெழமை அந்த ஆள் வேலிகிட்டதான் நிப்பேன், மண்வெட்டியோட. அதுக்கு உன் சட்டை தேவையில்ல.”