மாமன் மடியும் முறிந்த போல்ட்டும்

யுத்த காலத்தில் நான் ஒரு பழைய கார் வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்பதுதான் சரி. ஓட்டினேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சாட்சி கிடைக்காது. எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் முன்பக்கத்து போல்ட் ஒன்று அதில் அடிக்கடி தளரும். தளர்ந்தால் இறுக்க வேண்டும். ஆனால் மதுரையில் ஒருவன் ஸ்பானரும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் சும்மா போகமாட்டார். பால்காரர், பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் என்று எல்லாரும், "கொண்டாங்க, ஒரு சுத்துப் போடுறேன்" என்று ஆளுக்கொரு சுற்று இறுக்கிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் சளைத்தவனா? கடைசிச் சுற்று என்னுடையது.

அந்த நிலையில்தான் வாடிப்பட்டியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தவேண்டும்; உச்சிக்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். "ரயில்ல வந்துரு தம்பி" என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். சொந்தக் கார் வைத்திருக்கிற மாமன் ரயிலில் போய் இறங்குவதாவது! ரேஷன் கூப்பனில் வாங்கிச் சேர்த்து வைத்திருந்த பெட்ரோலை ஊற்றி, சீர்த்தட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கி, அவற்றுக்கு நடுவே என் மெக்கானிக் பாயையும் உட்காரவைத்துக் கிளம்பினேன். மெக்கானிக் இல்லாமல் அந்தக் காரில் போகிற அளவுக்கு நான் தைரியசாலி அல்ல.

சமயநல்லூரைத் தாண்டி, சோழவந்தானுக்குப் பிரிகிற பாதையையும் கடந்தபோது அடியில் 'டக்' என்றது. எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றாடி ரேடியேட்டரை உரச ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் போல்ட்டின் தலை ரோட்டில் எங்கேயோ விழுந்துவிட்டது. உடம்பு மட்டும் துளைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"அரை மணி நேர வேலைண்ணே" என்றார் பாய். பாய்க்கு உலகத்தில் எல்லா வேலையும் அரை மணி நேர வேலைதான். அதை நம்பி, வந்த பஸ்ஸை மறித்து, "மாமன் இந்தா வாரார்னு வாடிப்பட்டியில சொல்லிருங்க" என்று சொல்லியனுப்பினேனே தவிர, நான் ஏறவில்லை. அந்தப் பஸ்ஸின் முதுகு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

எஞ்சினைத் தூக்கிப் பிடித்தால்தான் முறிந்த துண்டை எடுக்க முடியும். ஜாக்கி என்றைக்கோ உயிரை விட்டிருந்தது. பாய் ஒரு தென்னங்கட்டையை இழுத்துவந்து எஞ்சினுக்கடியில் கொடுத்து, நடுவே பாறாங்கல்லை வைத்து நெம்பினார். மறுமுனையில் யாராவது உட்காரவேண்டும். வயலுக்குப் போன இரண்டு பேரை உட்காரவைத்தோம். எஞ்சின் அளவுக்கு மீறி எழும்பியது. ஒருவர் எழுந்தார், தொப்பென்று இறங்கியது. பிறகு நான் உட்கார்ந்தேன்.

"அசையாதீங்கண்ணே! உங்க கனந்தான் கணக்கு!"

என் உடம்பை ஒருவர் மெச்சியது அதுவே முதல் தடவை. அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே வயலுக்குப் போய்விட்டார்கள். பாய் உளியை வைத்துத் தட்டினார். துண்டு மயிரிழை திரும்பும், நின்றுவிடும். வெயில் ஏறியது. "இறங்கட்டுமா பாய்?" என்று கேட்கும்போதெல்லாம், "கை உள்ள இருக்குண்ணே" என்றே பதில் வந்தது.

ஒருவழியாகத் துண்டு விழுந்து, பின்சீட்டிலிருந்து கழற்றிய போல்ட்டை அவர் செருகிக்கொண்டிருந்தபோது, எதிரே மூன்று மாட்டுவண்டிகள் வந்தன. முதல் வண்டியில் மொய்த்தட்டோடு அக்கா, மொட்டைத்தலையில் சந்தனத்தோடு குழந்தை, பக்கத்தில் காது குத்துகிற ஆசாரி.

"இந்தத் தகரத்தை விட்டு நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்டா. எந்திரி!"

"எந்திரிச்சா பாய் கை போயிரும்க்கா."

அக்கா குனிந்து பார்த்தாள். "ஆமா தாயி" என்றார் பாய் அடியிலிருந்து.

"ஆசாரி, இன்னும் எம்புட்டு நேரம் இருக்கு?"

"கால் மணி இருந்தாப் பெருசும்மா."

"அப்ப இங்கயே குத்தும்."

மடிதானே வேண்டும்? மசகெண்ணெயோடு அது இருந்தது. சீர்த்தட்டிலிருந்த பட்டுத்துணியை அதன்மேல் விரித்துக் குழந்தையை வைத்தார்கள். ஊசியைக் கண்டதும் அது உதைத்தது பாருங்கள், கட்டை ஊஞ்சலாகிவிட்டது.

"யா அல்லா! கட்டையை ஆட்டாதீங்கண்ணே!"

"பிள்ளையை ஆட்டாதீங்க சாமி!" என்றார் ஆசாரி.

மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தேன். ஒரு காது முடிந்தது.

"அண்ணே, போல்ட்டு நீளமா இருக்கு. வாஷர் வேணும்" என்றது அடிக்குரல். பிறகு, "தாயி, மொய்த்தட்டுல ஓட்டைக் காலணா கெடக்கா?"

"சீர் கொண்டாருவான்னு பாத்தா, பிள்ளை மொய்யிலயே கைவைக்கிறானே!" என்று அக்கா கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நாலு காசைப் பொறுக்கிப் போட்டாள். போல்ட் இறுகியது. இரண்டாவது காதிலும் தங்கம் ஏறியது. பாய் கையை வெளியே எடுத்தார்.

எழுந்தேன், கால்கள் எழவில்லை. வண்டிகளில் வந்த மைத்துனர்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார்கள். எஞ்சின் கிளம்பியது. பெருமை தாங்காமல், "பிள்ளையோட ஏறுக்கா, கார்லயே போயிரலாம்" என்றேன்.

"காதுதான் குத்தியாச்சுல்ல, உசுராவது இருக்கட்டும்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா மாட்டுவண்டியில் ஏறினாள்.