மூன்றாவது அருவியும் மாமாவின் வேனும்

என் மாமா பதினெட்டு வருடமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். ஒரே நாளில் ஐந்து அருவிகள், இரண்டு ஆற்றுக் காட்சிமுனைகள். ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. இறங்கிப் போனால் அந்த ஓட்டை வேனை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

"மூணாவது அருவி எப்படி இருக்கும் மாமா?" என்று கேட்டால், "அங்க சரிவு ஜாஸ்தி, சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும்" என்பார்.

நேற்று நானும் கூடப் போனேன்; வேன் அங்கே நின்றதும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அந்த அருவிக்கே ஓடினேன். "நில்லுடா குரங்கே!" என்று துரத்தி வந்தவர், சாரல் முகத்தில் அடித்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சட்டை முழுக்க நனைந்த பிறகு, "இதுல நனைஞ்சுட்டுத்தான் எல்லாரும் என் சீட்டுல உக்கார்றானுங்களா?" என்றார். பிறகுதான் நினைவு வந்தது. "சாவி எங்கடா?"

"தேடுறேன் மாமா" என்று சட்டைப் பையை மெதுவாகத் துழாவினேன். சாவி என் இன்னொரு கைக்குள்ளேயே இருந்தது.