அப்பா தேடிய வெயில்

ஏலக்காய்ப் பச்சையில் ஒரு ஸ்வெட்டர். அதன் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். ஊட்டியில் அதை வாங்கும்போது அப்பா உடம்புப் பகுதியைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் இழுத்து இழுத்துப் பார்த்தார். "வளர்ற புள்ளைங்க, கொஞ்சம் நீளமாவே இருக்கட்டும்" என்று கடைக்காரரிடம் காரணமும் சொன்னார். எழுதும்போது ஒரு முறை, சாப்பிடும்போது ஒரு முறை என்று நாள் முழுக்க அந்தக் கையை மடித்துவிட்டுக்கொண்டே இருப்பேன். அப்பா பார்த்துவிட்டால் வந்து மறுபடியும் இறக்கிவிடுவார். எங்கள் ஊர் நீலகிரி மலையில் நடுவட்டம். அங்கே ஸ்வெட்டர் போட்ட பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், போடாத பிள்ளையைத்தான் நிறுத்தி விசாரிப்பார்கள். ஒன்றை மறைக்க நினைப்பவருக்கு அதைவிட வசதியான ஊர் கிடையாது.

மறைக்க வேண்டியிருந்தது என் தோலைத்தான். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது வலது முழங்கையில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. அம்மா தேமல் என்று நினைத்து மஞ்சளைத் தடவினார். மஞ்சள் போயிற்று, திட்டு இருந்தது. பிறகு மணிக்கட்டிலும் ஒன்று வந்ததும் அப்பா லீவு போட்டு என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் அரைக்கண்ணால் பார்த்ததுமே சொல்லிவிட்டார், வெண்புள்ளி. தொற்றாது, உயிருக்கும் ஒன்றும் செய்யாது, சில பேருக்கு நிறம் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, அதைத் தடவிய பிறகு கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம் மட்டும், வெயில் படும்படி நிற்கச் சொன்னார். அப்பா மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க டாக்டர், எங்கூர்ல வெயிலுக்கு எங்கீங்க போறது?" என்று கேட்டார். டாக்டர் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார். மழை பிடித்த ஆனி மாதத்து நடுவட்டத்தை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அப்பா தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக மலையேறியவர். யாரிடமும் கடுஞ்சொல் பேசாத மனிதர், ஆனால் பயந்த சுபாவம். சொந்த ஊரில் அவருடைய ஒன்றுவிட்ட அத்தை ஒருவருக்கு இதே திட்டுகள் இருந்தனவாம். நல்ல காரியங்களுக்கு யாரும் அவரை அழைத்ததில்லை, கல்யாணமும் நடக்கவில்லை. இதெல்லாம் அம்மா பின்னாளில் சொன்னது. அப்பாவோ அந்த நோயின் பெயரைக்கூட வீட்டில் உச்சரிக்கமாட்டார். "அது எப்படி இருக்குது?" என்று கேட்பார், அதுவும் கதவைச் சாத்திவிட்டு. எனக்கு அந்த வயதில் திட்டுகளைப் பற்றிக் கவலையே இல்லை. அப்பாவுக்கு என்னை நினைத்து வெட்கமாக இருக்கிறதோ என்பதுதான் கவலை. அம்மாவிடம் கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் ஆமாம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே இருந்தேன்.

இப்படிப்பட்டவர் தன் பெண்ணுக்கு வெயில் தேட வேண்டும், அந்த வெயிலில் அவள் கையை எவரும் பார்க்கவும் கூடாது. அந்தச் சிக்கலுக்கு அப்பா கண்டுபிடித்த வழி கீழ் கோத்தகிரி. நடுவட்டத்தில் மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் எதிர்வீடு தெரியாது, அதே நாளில் மலையின் அந்தப் பக்கச் சரிவில் வெயில் அடிக்கும். தவிர, அங்கே எங்களுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஒரு பஸ், கோத்தகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கீழே ஒரு பஸ் என்று வெயிலுக்குப் பயணம் போவோம். ஆள் இல்லாத ஒரு தேயிலைக் காட்டோரம் நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நிற்பேன். அப்பா ஒரு கண்ணால் கைக்கடிகாரத்தையும் மறு கண்ணால் பாதையையும் பார்ப்பார். தூரத்தில் யாராவது வந்தால் ஸ்வெட்டர் உடனே என் மேல் விழும். எனக்கோ அதெல்லாம் பிக்னிக். அப்பா எனக்கே எனக்கென்று கிடைத்த நாட்கள் அவை.

ஒரு ஆடி மாதம். மழை விடாமல் பெய்து பல வாரங்கள் வெளியே போக முடியவில்லை. போன அன்று வெயில் அப்படி ஒரு வெயில். டாக்டர் சொன்ன நேரம் முடிந்ததும் நான் ஸ்வெட்டரை எடுக்கப் போனேன். "இருக்கட்டும் அம்மிணி, கிடைக்கறப்பவே வாங்கிக்கோ. அடுத்து எப்ப கிடைக்குமோ" என்றார் அப்பா. பஞ்ச காலத்தில் ரேஷன் கடை திறந்தது போல இருந்தது அவர் பேச்சு. வெயிலைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று மலையில் குடியிருப்பவனுக்குத்தான் தோன்றும், கீழே இருப்பவர்கள் நிழலைத்தான் தேடுவார்கள். விரித்த துண்டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம், அப்படியே தூங்கியும் போனேன். எழுந்தபோது கை சிவந்திருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் திட்டுகளின் மேல் கொப்புளம் எழும்பிவிட்டது. அப்பா பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் துண்டில் கவிழ்த்து என் கையைச் சுற்றினார். ஸ்வெட்டரை மாட்டப் பார்த்தார். கம்பளி பட்டதும் நான் போட்ட சத்தத்தில் அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் கூட்டம். துண்டு நழுவிக்கொண்டே இருந்தது, கடைசியில் நானே அதை எடுத்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் மடியில் குழந்தையோடு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்தார், குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். அப்பா அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த வயதான எஸ்டேட் அம்மா ஒருவர் திரும்பி, "என்னாங்க ஐயா, புள்ள கையில என்னா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அப்பா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், சூடு பட்டுவிட்டது என்பார் என்றுதான் நினைத்தேன். அப்பாவோ என் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.

"வெண்புள்ளிங்கம்மா. தொத்தறதில்லீங்க. வெயில்ல நிக்கோணும்னு டாக்டர் சொன்னாரு, நாந்தான் நேரம் பாக்காம நிறுத்திப் போட்டனுங்க, கொப்புளிச்சுப் போச்சு."

"அட, இதுக்கா இப்பிடி மூஞ்சிய வச்சிருக்கீங்க" என்றார் அந்த அம்மா. "எங்க லயத்து வீட்டு வரிசையில ஒருத்திக்கி மூஞ்சியெல்லாம் இருக்கு. அவ ஊத்துற தேத்தண்ணியத்தான் நாங்க எல்லாம் குடிக்கிறோம்."

இளம்பெண் கடைசி வரை குழந்தையை இந்தப் பக்கம் மாற்றவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன், தெரியாத பயம் யாருக்கும் இருக்கும். கோத்தகிரி வரும்வரை அப்பா என் கையை விடவில்லை. கை காந்தலாகக் காந்தியது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பஸ்ஸிலும் வந்ததில்லை.

டாக்டரிடம் போனில் அப்பா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். புண் ஆறும்வரை மருந்தையும் வெயிலையும் நிறுத்தச் சொன்னார், கம்பளி உரசவே கூடாது என்றார். மறுநாள் காலை அப்பா அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பச்சை ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் தோளோடு வெட்டினார். "ஏனுங்க, நல்ல ஸ்வெட்டரை இப்படியா பண்ணுவாங்க" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். முதல் வாரம் பிள்ளைகள் கேட்டார்கள், இரண்டாவது வாரம் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. அப்பாதான் அதன் பிறகு நிறுத்தவே இல்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததற்கு வட்டியும் முதலுமாக, கேட்காதவர்களிடமும் "வெண்புள்ளிங்க, தொத்தறதில்லீங்க" என்று ஆரம்பித்துவிடுவார். பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் மானம் போகும்.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். மணிக்கட்டுத் திட்டு நிறம் திரும்பி மறைந்துவிட்டது. முழங்கையில் இருந்தது பரவிப் புறங்கைக்கு வந்திருக்கிறது, கழுத்திலும் கொஞ்சம். மருந்தை நான்தான் ஒரு கட்டத்தில் போதும் என்றேன். கரும்பலகையில் எழுதும் கையை மாணவர்கள் முதல் வகுப்பில் பார்ப்பார்கள், பிறகு கணக்கைப் பார்ப்பார்கள். கூட வேலை பார்க்கிறவரையே போன தை மாதம் கல்யாணம் செய்துகொண்டேன். அந்தப் பேச்சு வந்தபோது அப்பா மாப்பிள்ளை வீட்டில் காபி வருவதற்கு முன்பே தன் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டார். அவர்கள் எனக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் போட்டோக்காரர் ஆல்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். உற்சாகமான இளைஞர். கேட்காமலே ஒரு உதவி செய்திருந்தார், எல்லாப் படத்திலும் என் கையையும் கழுத்தையும் ஒரே நிறமாக மாற்றியிருந்தார். எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தாலி கட்டியது, மெட்டி போட்டது, பந்தி, சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். சில இடங்களில் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். முடித்துவிட்டு ஆல்பத்தை மூடி அந்த இளைஞர் கையில் கொடுத்தார்.

"எல்லாரும் நல்லா வந்திருக்கறாங்க தம்பி. எம்பொண்ணை மட்டும் காணோமுங்களே."